காதை அடைக்காமல் பாட்டு கேளுங்கள்!

"பாட்டு கேட்டா காது போயிடுமா டாக்டர்?"

மூட்டு வலிக்கு மருந்து வாங்க வருகிற தாய்மார்கள்கூட, போகிற போக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தங்களுக்காகக் கேட்பதில்லை. காதில் வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு, மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பாத மகனுக்காகவோ மகளுக்காகவோ கேட்கிறார்கள்.

பாட்டு கேட்டால் காது போகாது. எதில் கேட்கிறோம், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம், எத்தனை மணி நேரம் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஹெட்போனே வேண்டாம், தூக்கிக் குப்பையில போடு" என்று சொல்கிற வைத்தியர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மனுஷனுக்குச் சோறு எப்படியோ அப்படித்தான் சங்கீதமும். அதை நிறுத்தச் சொல்வது வைத்தியம் ஆகாது.

நான் சொல்வது இதுதான். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர்கள் காதுத் துவாரத்துக்குள் திணிக்கிற குமிழை ஒதுக்கி வையுங்கள். காதின் மேலே உட்காருகிற, பின்பக்கம் திறந்த ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள். கடையில் 'ஓப்பன் பேக்' என்று கேட்டால் தெரியும். லட்ச ரூபாய் விலையிலும் இருக்கிறது. அது நமக்கு வேண்டாம். 10,000 ரூபாய்க்குள்ளேயே அருமையானவை கிடைக்கின்றன.

சித்த மருத்துவருக்கும் ஹெட்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆறு வருஷமாக அப்படி ஒன்றை வைத்துக் கேட்டு வருகிறேன். முப்பது வருஷமாகக் காது நோவு என்று வருகிறவர்களையும் பார்த்து வருகிறேன். இந்த இரண்டு அனுபவமும் சேர்ந்துதான் எழுத வைக்கிறது.

முதலில் அது என்ன 'திறந்த' ஹெட்போன் என்று பார்த்துவிடுவோம்.

சாதாரண ஹெட்போனில் காதை மூடுகிற கிண்ணத்தின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கும். ஓப்பன் பேக்கில் அந்த இடத்தில் கம்பி வலையோ, துளை போட்ட தகடோ இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைந்து ஒலியை எழுப்புகிறது. முன்பக்கத்து ஒலி நம் காதுக்கு வருகிறது. பின்பக்கத்து ஒலி எங்கே போகும்? அடைத்த கிண்ணத்தில் அது சுவரில் முட்டித் திரும்பி வந்து பாட்டோடு கலந்துகொள்ளும். காலிப் பானைக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் 'கும்'மென்று கேட்குமே, கொஞ்சம் அந்த மாதிரி. இதைக் குறைக்க உள்ளே பஞ்சு வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். விலை கூடக் கூட நன்றாகவும் செய்கிறார்கள். திறந்த ஹெட்போனில் அந்தத் தொல்லையே குறைவு. பின்பக்கத்து ஒலி வலை வழியாக வெளியே போய்விடுகிறது. அதனால்தான் குறைந்த விலையிலும் ஓசை தெளிவாக இருக்கிறது.

இது புதுச் சரக்கும் இல்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968-லேயே 'எச்.டி. 414' என்ற பெயரில் முதல் திறந்த ஹெட்போனைக் கொண்டு வந்துவிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்தது. 1979-ல் ஜப்பானின் சோனி வாக்மேனோடு கொடுத்ததும் காதை அடைக்காத, லேசான பஞ்சு ஹெட்போன்தான். எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது விடுதியில் ஒரு நண்பனிடம் வாக்மேன் இருந்தது. தலைக்கு மேல் மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் கறுப்புப் பஞ்சு. அதைத் தலையில் மாட்டிக்கொண்டே எங்களோடு பேசுவான், கிண்டலுக்குப் பதில் சொல்வான். பாட்டும் ஓடும், பேச்சும் ஓடும். காதைக் கார்க் போட்டு அடைத்த மாதிரி மூடிக்கொள்கிற பழக்கம் நம் ஊரில் பரவியது அப்புறம்தான்.

சரி, அடைத்தால் என்ன கெடுதல்?

நம் காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அதன் வெளிப்பகுதியில்தான் குரும்பி சுரக்கிறது. குரும்பியை அழுக்கு என்று நினைத்துக் கொண்டையூசியால் நோண்டுகிறவர்கள் அநேகம் பேர். அது அழுக்கு இல்லை. தூசியையும் பூச்சியையும் தடுக்கிற காவல்காரன். தானாக மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். ரப்பர் குமிழைத் தினமும் பல மணி நேரம் செருகி வைத்தால் வருகிற குரும்பியை அது உள்ளே தள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் உள்ளே ஈரம் கட்டிக்கொள்ளும். ஈரமும் சூடும் இருக்கிற இடத்தில் பூஞ்சை பிடிக்கக் கேட்கவா வேண்டும்? "காது ஒரேயடியா அரிக்குது டாக்டர், நோண்டாம இருக்க முடியல" என்று வருகிற இளவட்டங்களிடம் நான் முதலில் கேட்பது, "இயர்போன் எத்தனை மணி நேரம் போடுறே? யாருக்காவது கடன் குடுக்கிறியா?" என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரலே தலைக்குள் முழங்கும். முறுக்கைக் கடித்தால் பாறை உடைகிற மாதிரி இருக்கும். காது அடைபட்டால் அப்படித்தான். திறந்த ஹெட்போனில் இந்த முழக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு மணி நேரம் போட்டிருந்தாலும் காது 'அப்பாடா' என்று இருக்கும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு உரியது காது என்போம். வெளி இருந்தால்தான் ஒலி. அந்த வெளியை அடைத்துவிட்டு உள்ளே ஒலியை ஊற்றுவது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் இது தத்துவம். இதைச் சொல்லி, 'திறந்த ஹெட்போன் போட்டால் காது கெடாது' என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஏனென்றால் அது உண்மை இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வலை போட்ட ஹெட்போனாக இருந்தாலும், ஆயிரம் ரூபாய்க் குமிழாக இருந்தாலும், செவிப்பறையில் வந்து மோதுகிற ஓசையின் அளவு ஒன்றாக இருந்தால் சேதமும் ஒன்றுதான். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கிற பகுதியில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓசையை நரம்புச் செய்தியாக மாற்றுகிறவை அவைதான். பறவைகளுக்கு அவை அழிந்தால் மறுபடியும் முளைக்கும். நமக்கு முளைக்காது! கோழிக்குக் கொடுத்த வரத்தைக் கடவுள் நமக்குக் கொடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். இதைத் தாண்டி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. இப்படியே ஏறி 100 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கே சுமார் 20 நிமிஷம்தான். வாரத்துக்கு என்கிறேன், நாளைக்கு அல்ல. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வது 60 டெசிபல் சுமாருக்கு இருக்கும். அதை வைத்து மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள். சில செல்போன்களில் இப்போது ஹெட்போன் ஓசையை வாரக்கணக்கில் கூட்டிக் காட்டுகிற வசதி இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் திறந்து காட்டுவார்கள்.

சேதம் ஒரே நாளில் தெரியாது. முதலில் போவது கீச்சு ஓசைகளின் பக்கம். பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துக்களின் தெளிவு குறையும். "பேசுறது கேக்குது டாக்டர், ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. கூடவே "ராத்திரி படுத்தா காதுக்குள்ள 'கொய்ங்'னு சத்தம்" என்பார். இந்தக் கதையை முன்பெல்லாம் அறுபது வயதுக்காரர்களும், மில்லில் தறிக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களும்தான் சொல்வார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

வந்தவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் தெரியுமா? ஒரு தைலம். "இங்கிலீஷ் மருந்துல முடியாதுன்னுட்டாங்க, நம்ம வைத்தியத்துல கண்டிப்பா இருக்கும்னு நம்பி வந்திருக்கேன்" என்பார்கள். இரைச்சலால் செத்துப்போன மயிர்ச் செல்லை உயிர்ப்பிக்க எந்த வைத்தியத்திலும் இன்றைக்கு மருந்து இல்லை. எங்கள் வைத்தியத்திலும் இல்லை. தூக்கம் வர, மன உளைச்சல் குறைய, உடம்பின் சூடு தணிய நாங்கள் உதவலாம். அதனால் இரைச்சலின் தொல்லை பொறுக்கும்படி ஆகலாம். 'பதினைந்தே நாளில் செவிட்டுத்தன்மை நீங்கும்' என்கிற விளம்பரங்களை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள். காதுக்குள் சூடான எண்ணெயை ஊற்றுகிற பாட்டி வைத்தியமும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வேறு வினையில் கொண்டு விடும். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் என்னிடம்கூட வர வேண்டாம். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் ஓடுங்கள். அதற்கு நாள் கணக்கு முக்கியம்.

"அப்படின்னா திறந்த ஹெட்போன் வாங்கி என்ன லாபம்?" என்று கேட்கலாம்.

லாபம் இருக்கிறது. அது வீட்டில், அமைதியான அறையில், உட்கார்ந்து கேட்பதற்கான சாமான். அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போக முடியாது. வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். அங்கே போட்டால் சத்தத்தை ஏற்றத்தான் கை போகும். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்டே ஆக வேண்டும் என்றால், வெளி இரைச்சலைக் குறைக்கிற மூடிய ஹெட்போன்தான் காதுக்கு நல்லது. குறைந்த சத்தத்திலேயே பாட்டு கேட்கும். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் எப்போதும், நடக்கும்போதும் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டதே, அதுதான் வியாதியின் வேர். திறந்த ஹெட்போன் வயரோடு வருவது, பெரியது, வெளியே கொண்டுபோக லாயக்கில்லாதது. அதனாலேயே பாட்டு கேட்பதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் அமைந்துவிடுகின்றன. தினம் முக்கால் மணி நேரம். மீதி நேரம் காதுக்கு ஓய்வு.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் நிம்மதி. குக்கர் விசில் கேட்கும். காலிங் பெல் கேட்கும். தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் கேட்கும். "ஏங்க..." என்று அடுக்களையிலிருந்து வருகிற குரலும் கேட்கும். (கேட்காத மாதிரி இருந்துகொள்வது உங்கள் சாமர்த்தியம்!) காதை அடைத்துக்கொண்டு ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு தீவாக உட்கார்ந்திருக்கிற காட்சியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான்.

கேட்கிற சுகத்துக்கு வருவோம். மூடிய குமிழில் பாட்டு மண்டைக்குள் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். திறந்ததில் அது கொஞ்சம் வெளியே விலகி நிற்கிற மாதிரித் தோன்றும். தம்புரா பின்னால் ஒரு திரை மாதிரி விரியும்; மிருதங்கம் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம் என்று இடம் தெரியும். சபா முன்வரிசை என்று மிகைப்படுத்த மாட்டேன். ஹெட்போன் ஹெட்போன்தான். ஆனால் இளையராஜா 1988-ல் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலோடு செய்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தை ஒரு தரம் இதில் கேட்டுப் பாருங்கள். குழலைச் சுற்றி எவ்வளவு காற்றோட்டம் இருக்கிறது என்று தெரியும். இத்தனை வருஷமாக டேப் ரிக்கார்டரிலும் செல்போன் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பழகிய பழைய பாட்டிலேயே, இதுவரை கவனிக்காத ஒரு கிதார், ஒரு சின்னக் கோரஸ் வந்து நிற்கும். சத்தத்தை ஏற்றாமலே! எனக்குப் பிடித்ததே அதுதான். விவரம் தெரிய ஆரம்பித்தால் சத்தத்தின் மேல் ஆசை தானாகக் குறைகிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். 'தும் தும்' என்று நெஞ்சில் இடிக்கிற தாழ்ந்த ஓசை இதில் குறைவு. பின்பக்கம் திறந்திருப்பதால் அது கரைந்துவிடும். அந்த இடிதான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இடி வரட்டும் என்று முழுச் சத்தத்துக்குத் திருகினால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண். அவர்களுக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில பெயர்கள். அமெரிக்காவின் காஸ் கம்பெனி 1984-ல் கொண்டு வந்த 'போர்ட்டா ப்ரோ' இன்றைக்கும் அதே உருவத்தில் விற்கிறது. சின்னது, மடித்து வைக்கலாம், பழைய வாக்மேன் நாள் ஞாபகம் வரும். பிலிப்ஸின் 'எஸ்.எச்.பி. 9500' பெரிய கிண்ணம், காது முழுக்க உள்ளே அடங்கும், கண்ணாடி போடுகிறவர்களுக்கும் உறுத்தாது. ஏ.கே.ஜி-யின் 'கே 240' பாதி திறந்த வகை; பாடகர்கள் மைக் முன்னால் நிற்கிற ஒலிப்பதிவுக் கூடப் படங்களில், தங்க நிற வட்டம் போட்ட அந்த ஹெட்போனை அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். மூன்றில் எது என்றால், வயசானவர்களுக்கு நான் பிலிப்ஸைச் சொல்வேன். காதின் மேல் அழுத்தாது. விலை அடிக்கடி ஏறி இறங்கும். இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்டியின் மேல் 'ஓம்' கணக்கு ஒன்று போட்டிருக்கும். 32, 55, 60 என்றிருந்தால் செல்போனிலேயே நன்றாக ஓடும். 250, 300 என்றிருந்தால் தனியாக ஆம்ப்ளிஃபயர் கேட்கும். செலவு இழுக்கும், தொட வேண்டாம். இப்போதைய செல்போன்கள் பலவற்றில் ஹெட்போன் துளையே கிடையாது. சார்ஜர் துளையில் செருகி, மறுமுனையில் ஹெட்போனை மாட்டுகிற ஒரு சின்ன வயர்த் துண்டு விற்கிறது. சில நூறு ரூபாய்தான்.

போட்டுக்கொள்ளும் முன் அறையில் ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள். டி.வி.யை அணையுங்கள். சத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, பாட்டின் வரி தெளிவாகப் புரிகிற இடத்தில் நிறுத்துங்கள். யாராவது பக்கத்தில் வந்து சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் சத்தம் அதிகம். மூடிய ஹெட்போனில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, கவனித்தீர்களா?

ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு மட்டும் கேட்காதீர்கள். இதன் ஓசை வெளியேயும் கசியும். பக்கத்தில் தூங்குகிறவருக்கு ஏதோ வண்டு 'ஞொய் ஞொய்' என்கிற மாதிரி இருக்கும், வீட்டில் சண்டை வரும். கூடத்தில் ஒரு நாற்காலி போதும்.

பராமரிப்பு அதிகமில்லை. பஞ்சில் வியர்வை ஏறும். கழற்ற முடிகிற பஞ்சைக் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சு சீக்கிரம் உதிரும். காதில் சீழோ அரிப்போ இருக்கிற நாட்களில் தொடவே கூடாது, இன்னொருவருக்கும் கொடுக்கக் கூடாது. பேட்டரி கிடையாது என்பதால் இரண்டு மூன்று வருஷத்தில் உயிர் போய்விடுகிற கதையும் கிடையாது. பஞ்சு போனால் பஞ்சு, வயர் போனால் வயர் மாற்றிக்கொள்ளலாம். என் மேஜையில் இருப்பதற்கு இரண்டு முறை பஞ்சும் ஒரு முறை வயரும் மாற்றியாயிற்று. மற்றபடி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது.